மனம் உடைந்த நாட்களில் வேதமும் புத்தகமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலை போனவர்கள், வீட்டில் சாவு கண்டவர்கள், கடனில் மாட்டியவர்கள், நீட் தேர்வில் தோற்ற பிள்ளையை எப்படித் தேற்றுவது என்று தெரியாமல் தவிக்கும் பெற்றோர் என்று பலரும் எங்கள் சபை நூலகத்துக்கு வருகிறார்கள். புத்தகம் கேட்டு வந்தாலும் பேச்சு வேறெங்கோ போய்விடும். அப்படி வந்த கேள்விகளில் திரும்பத் திரும்பக் கேட்கப்படுபவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். நான் போதகரும் இல்லை, மருத்துவரும் இல்லை. பல வருடங்களாகப் புத்தகம் எடுத்துக் கொடுப்பவள், வேதத்தை நம்பி வாசிப்பவள், அவ்வளவுதான்.

மனத்திடம் என்றால் என்ன? எதற்கும் கலங்காமல் இருப்பதா?

கலங்காமல் இருக்க யாராலும் முடியாது. லாசருவின் கல்லறைக்குப் போகும் வழியில் இயேசு கண்ணீர் விட்டார் என்று யோவான் எழுதியிருக்கிறார். இன்னும் சில நிமிடங்களில் லாசரு உயிரோடு வெளியே வரப்போகிறான் என்று தெரிந்திருந்தும் அழுதார். கெத்செமனேயில் "என் ஆத்துமா மரணத்துக்கேதுவான துக்கங்கொண்டிருக்கிறது" என்று சீஷர்களிடம் வாய்விட்டுச் சொன்னார், கூட விழித்திருக்கும்படி கேட்டுக்கொண்டார். அவருக்கே அன்று பக்கத்தில் ஆள் தேவைப்பட்டது.

மனத்திடம் என்று நான் சொல்வது இதைத்தான்: அடி விழுந்தபின் வலியை மறைக்காமல், அதிலேயே உட்கார்ந்தும் விடாமல், மெல்ல நடக்கத் தொடங்குவது. பவுல் கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் நிருபம் 4-ஆம் அதிகாரத்தில் நெருக்கப்படுவது, கலங்குவது, கீழே தள்ளப்படுவது எல்லாம் நடக்கிறது. அவர் எதையும் மறுக்கவில்லை. "கீழே தள்ளப்பட்டும் மடிந்துபோகிறதில்லை" என்கிறார். தள்ளப்பட்டது உண்மை, மடியாததும் உண்மை. இரண்டையும் ஒரே வாக்கியத்தில் சொல்லத் துணிகிறவர் அவர்.

வேதம் கையில் இருக்கும்போது சுயமுன்னேற்றப் புத்தகம் எதற்கு? அது விசுவாசக் குறைவு இல்லையா?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்களிடம் 2 தீமோத்தேயு 4-ஆம் அதிகாரத்தைத் திறந்து காட்டுவேன். பவுலின் முடிவு நெருங்கிவிட்டது. சிறையில் இருக்கிறார், லூக்கா மட்டுமே கூட இருக்கிறான், மாரிகாலம் வரப்போகிறது. அந்த நேரத்தில் தீமோத்தேயுவுக்கு என்ன எழுதுகிறார்? துரோவாவில் கார்ப்பு என்பவன் வசம் விட்டுவந்த மேலங்கியை எடுத்துவா, புஸ்தகங்களையும் எடுத்துவா, விசேஷமாய்த் தோற்சுருள்களை எடுத்துவா. குளிருக்குப் போர்வையும் வாசிக்கப் புத்தகமும் கேட்ட அப்போஸ்தலனுக்கு விசுவாசம் குறைவு என்று யார் சொல்வார்கள்? அதே பவுல் அத்தேனே பட்டணத்தில் கிரேக்கப் புலவர்களின் வரியை எடுத்துப் பேசினார். தானியேலும் அவன் தோழர்களும் பாபிலோனில் கல்தேயரின் எழுத்தைப் படித்தார்கள்.

நம் ஊர்க் கிறிஸ்தவர்களுக்கும் இது புதிதில்லை. திருக்குறளில் 'இடுக்கண் அழியாமை' என்று ஒரு அதிகாரமே இருக்கிறது. பாரவண்டியை மேடு பள்ளமெல்லாம் இழுத்துப் போகும் எருதைக் காட்டி, அப்படி முயல்கிறவனிடம் வந்த துன்பம்தான் துன்பப்படும் என்கிறார் வள்ளுவர். நம் வீடுகளில் குறளும் சங்கீதமும் ஒரே அலமாரியில் இருந்தே வந்திருக்கின்றன.

வேதம் செய்கிற வேலை வேறு, இந்தப் புத்தகங்கள் செய்கிற வேலை வேறு. தூக்கம் வராதவன் இரவில் என்ன செய்யலாம், கடன்காரர்களிடம் எப்படிப் பேசலாம், கோபம் தலைக்கேறும்போது எப்படி நிறுத்தலாம் என்பதற்கெல்லாம் நல்ல புத்தகங்கள் உண்டு. நான் யாருடையவன், எனக்கு ஏன் இது நடந்தது, மன்னிக்க முடியாததை எப்படிச் சுமப்பது என்ற கேள்விகளை அவற்றிடம் கொண்டுபோனால் ஏமாந்து திரும்புவீர்கள்.

"தனக்குத்தானே உதவுகிறவனுக்கே கடவுள் உதவுவார்" என்ற வசனம் வேதத்தில் எங்கே இருக்கிறது?

வேதத்தில் எங்கும் இல்லை. மிகப் பழைய பழமொழி அது. சாமுவேல் ஸ்மைல்ஸ் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1859-ல் வெளியிட்ட புத்தகத்தின் முதல் வரியாக வந்து உலகமெங்கும் பரவியது. 'சுய உதவி' என்பதுதான் அந்தப் புத்தகத்தின் பெயரே. இன்றைக்குக் கடைகளில் அடுக்கியிருக்கும் இந்த வகைப் புத்தகங்களுக்கெல்லாம் மூத்தது என்று அதைச் சொல்லலாம்.

ஆனால் அந்தப் புத்தகம் பிறந்த கதையை அவரே முன்னுரையில் எழுதியிருக்கிறார், அதைப் பலர் கவனிப்பதில்லை. இங்கிலாந்தின் வடக்கே ஒரு தொழில் நகரத்தில் இரண்டு மூன்று ஏழை இளைஞர்கள் குளிர்கால இரவுகளில் ஒரு குடிசையில் கூடி, ஒருவருக்குத் தெரிந்ததை மற்றவருக்குச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினார்கள். ஆள் சேர்ந்ததும் அறை போதவில்லை. கோடையில் தோட்டத்தில் உட்கார்ந்து படித்தார்கள். மறுபடி குளிர் வந்தபோது, முன்பு காலரா நோயாளிகளை வைத்திருந்த ஒரு பாழடைந்த கூடத்தை வேறு யாரும் வாடகைக்கு எடுக்கத் துணியாததால் இவர்கள் எடுத்தார்கள். அங்கே வந்து பேசச் சொல்லித்தான் ஸ்மைல்ஸை அழைத்தார்கள். அந்தப் பேச்சுகள்தான் பிற்பாடு புத்தகமாயின.

சுய உதவி என்ற பெயரில் வந்த அந்த நூல், ஒருவரை ஒருவர் தூக்கிவிட்ட கூட்டத்திலிருந்து வந்தது. யாருடைய துணையும் இல்லாமல் நானே எழுந்து நிற்பேன் என்று புத்தகத்தோடு கதவைச் சாத்திக்கொள்கிறவர்களுக்கு இதைச் சொல்லாமல் அனுப்ப எனக்கு மனம் வருவதில்லை.

நேர்மறைச் சிந்தனையும் விசுவாசமும் ஒன்றுதானே?

அப்படி நினைப்பதற்குக் காரணம் உண்டு. நேர்மறைச் சிந்தனையை உலகெங்கும் பரப்பியவர்களில் முக்கியமானவரான நார்மன் வின்சென்ட் பீல் ஒரு போதகர். நியூயார்க் நகரத்துச் சபையில் ஐம்பது வருடங்களுக்கு மேல் ஊழியம் செய்தவர். அவருடைய பிரபலமான புத்தகம் 1952-ல் வந்தது. "என்னைப் பெலப்படுத்துகிற கிறிஸ்துவினாலே எல்லாவற்றையுஞ்செய்ய எனக்குப் பெலனுண்டு" என்ற பிலிப்பியர் 4:13-ஐ மனதில் பதித்துக்கொள்ளும்படி வாசகர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். அவநம்பிக்கையிலேயே ஊறிக்கிடந்த பலரை அது எழுப்பியிருக்கிறது, அதை நான் மறுக்கமாட்டேன்.

ஆனால் அந்த வசனத்துக்கு முந்தைய இரண்டு வசனங்களைப் பாருங்கள். பவுல் சிறையிலிருந்து எழுதுகிறார். பட்டினி இருக்கவும் தெரியும், வயிறார உண்ணவும் தெரியும், எந்த நிலைமையிலும் மனரம்மியமாயிருக்கக் கற்றுக்கொண்டேன் என்கிறார். அவர் சொல்லும் 'எல்லாவற்றையும்' என்பதில் பட்டினியும் அடக்கம். வெற்றிக்கு மட்டும் அந்த வசனத்தைக் கொண்டுபோனால், தோற்ற அன்றைக்கு அது கையில் இருக்காது.

'கற்றுக்கொண்டேன்' என்ற சொல் எனக்குப் பெரிய ஆறுதல். பவுலுக்கே அது ஒரே நாளில் வரவில்லை.

புத்தாண்டு வாக்குத்தத்தம் எரேமியா 29:11. வருடம் முழுவதும் ஒன்றுமே நடக்கவில்லை. என்ன தவறு?

டிசம்பர் 31 இரவு ஆராதனையில் தட்டிலிருந்து வாக்குத்தத்த வசன அட்டை எடுக்கும் வழக்கம் நமக்கு எவ்வளவு நெருக்கமானது என்று எனக்குத் தெரியும். அந்த அட்டையை வருடம் முழுக்க பைபிளுக்குள் வைத்திருப்பவர்களில் நானும் ஒருத்தி. அதனால் இதை அக்கறையோடுதான் சொல்கிறேன்: அந்த வசனத்தை அட்டையில் மட்டும் படிக்காமல், 28-ஆம் அதிகாரத்திலிருந்து படியுங்கள்.

எருசலேமிலிருந்து ஜனங்கள் பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போயிருக்கிறார்கள். அனனியா என்ற தீர்க்கதரிசி ஆலயத்தில் எல்லோர் முன்னாலும் நின்று, இரண்டு வருஷத்துக்குள் எல்லாம் திரும்பி வரும் என்கிறான். பாபிலோனுக்கு அடங்கியிருக்க வேண்டும் என்பதற்கு அடையாளமாக எரேமியா தீர்க்கதரிசி கழுத்தில் போட்டிருந்த நுகத்தைப் பிடுங்கி உடைக்கிறான். கேட்டவர்களுக்கு எவ்வளவு இனித்திருக்கும்! ஆனால் கர்த்தர் அவனை அனுப்பவில்லை, பொய்யை நம்பும்படி ஜனங்களைச் செய்தாய் என்கிறார் எரேமியா. பிறகு பாபிலோனிலிருப்பவர்களுக்கு ஒரு கடிதம் அனுப்புகிறார். வீடுகளைக் கட்டிக் குடியிருங்கள், தோட்டங்களை நாட்டி அவற்றின் கனியைச் சாப்பிடுங்கள், பிள்ளைகளுக்குக் கலியாணம் செய்துவையுங்கள், நீங்கள் இருக்கும் பட்டணத்துக்காக ஜெபம்பண்ணுங்கள். எழுபது வருஷம் ஆகும். அதற்கு அடுத்த வசனம்தான் உங்கள் அட்டையில் இருப்பது: உங்கள்பேரில் நான் நினைத்திருக்கிற நினைவுகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவானவை என்கிறார் கர்த்தர்.

எழுபது வருஷம் என்றால், அந்தக் கடிதத்தைக் கையில் வாங்கிய பெரியவர்களில் பலர் திரும்பிப் போகாமலே இறந்திருப்பார்கள். அவர்களுக்கும் சேர்த்துத்தான் அந்த நன்மையின் நினைவுகள் சொல்லப்பட்டன. அனனியாவின் இரண்டு வருஷத்தை நம்பியவன் மூட்டையைப் பிரிக்காமல் காத்திருந்து, மூன்றாம் வருஷம் மனமுடைந்திருப்பான். எரேமியாவை நம்பியவன் மரம் நட்டிருப்பான்.

அதனால் உங்களிடம் எந்தத் தவறும் இல்லை. வேலை வரும் வரை வாழ்க்கையைத் தள்ளிப்போடாமல், இருக்கிற நிலைமையிலேயே என்ன நடலாம் என்று பாருங்கள். வாடகைக்கு எடுத்த சின்ன வீட்டையும் வீடாக நினைத்து நடத்துங்கள். பிள்ளையின் படிப்பு, உங்கள் உடம்பு, பக்கத்து வீட்டு உறவு எதுவும் "எல்லாம் சரியான பிறகு" என்று காத்திருக்க வேண்டாம். பழைய அட்டையைத் தூக்கி எறியவும் வேண்டாம்.

புத்தகம் வாசித்தால் உண்மையிலேயே மனம் தேறுமா? ஆதாரம் உண்டா?

உண்டு, ஒரு அளவுக்கு. பிரிட்டனில் கார்டிஃப் நகரைச் சேர்ந்த நீல் ஃப்ரூட் என்ற உளவியலாளர், மருத்துவர்கள் மாத்திரை எழுதுவதுபோலப் புத்தகத்தின் பெயரை எழுதிக்கொடுத்து, நோயாளி அதைப் பொது நூலகத்தில் வாங்கிக்கொள்ளும் திட்டத்தைத் தொடங்கினார். 2013-ல் இங்கிலாந்து முழுவதும் அதேபோன்ற திட்டம் வந்தது. லேசான, நடுத்தரமான மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும்தான் இது பொருந்தும். எழுதிக்கொடுப்பதும் எல்லாப் புத்தகங்களையும் இல்லை. நம் எண்ணத்தை எடுத்துப் பார்த்து, அது சரியா என்று சோதித்து, அதற்கேற்ப ஒரு சின்னச் செயலைச் செய்யவைக்கும் புத்தகங்களையே எழுதிக்கொடுக்கிறார்கள்.

எழுதிப் பார்ப்பது பற்றியும் ஆய்வு இருக்கிறது. ஜேம்ஸ் பென்னபேக்கர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1986-ல் வெளியிட்ட ஆய்வில், கல்லூரி மாணவர்கள் தங்கள் வாழ்க்கையின் வேதனையான நிகழ்ச்சியைப் பற்றித் தொடர்ந்து நான்கு நாள், தினமும் பதினைந்து நிமிடம் எழுதினார்கள். நடந்ததையும் அப்போது மனதில் பட்டதையும் சேர்த்து எழுதியவர்கள், அடுத்து வந்த மாதங்களில் மருத்துவ நிலையத்துக்குக் குறைவாகவே போனார்கள். எழுதி முடித்த உடனே மனம் இன்னும் கனத்தது என்பதும் அந்த ஆய்விலேயே இருக்கிறது. ஆகவே எழுதிவிட்டு அழுகை வந்தால் பயப்படாதீர்கள்.

சங்கீதங்களைப் பார்த்தால் தாவீது செய்ததும் ஏறக்குறைய அதுதான். நடந்ததையும் சொல்கிறான், பட்டதையும் சொல்கிறான், யாரிடம் சொல்கிறோம் என்பதையும் மறப்பதில்லை.

சிலர் மட்டும் எவ்வளவு அடித்தாலும் எழுந்துவிடுகிறார்களே, அது பிறவிக்குணமா?

ஹவாய்த் தீவுகளில் ஒன்றான கவாயில் 1955-ல் பிறந்த 698 குழந்தைகளை, எமி வெர்னர் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் நாற்பது வயது வரை பின்தொடர்ந்தார்கள். வறுமை, குடிகாரத் தகப்பன், மனநலம் கெட்ட தாய், சண்டை நிறைந்த வீடு என்று பல கஷ்டங்கள் ஒன்றாக வாய்த்த பிள்ளைகளில் மூன்றில் ஒரு பங்கினர் அன்பும் தைரியமும் உள்ள பெரியவர்களாக வளர்ந்தார்கள். பிறவிக்குணத்துக்கும் அதில் பங்கு இருந்தது. ஆனால் அந்தப் பிள்ளைகளின் வாழ்க்கையில் திரும்பத் திரும்பத் தென்பட்டது ஒரு ஆள்: பாட்டி, அத்தை, ஆசிரியர், பக்கத்து வீட்டுக்காரர், யாரோ ஒருவர் அவர்களை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார்.

பதின்பருவத்தில் வழிதவறிப் போனவர்களிலும் பலர் முப்பது வயதுக்குள் திரும்பி நிமிர்ந்தார்கள். அவர்களைத் திருப்பியவற்றில் நல்ல துணை கிடைத்த மணமும், விட்ட படிப்பைத் தொடர்ந்ததும், ஒரு சபையில் சேர்ந்து ஈடுபட்டதும் இருந்தன.

ஞாயிறு பள்ளி ஆசிரியைகளுக்கு இதை நான் அடிக்கடி சொல்வேன். நீங்கள் சொன்ன கதை பிள்ளைக்கு மறந்துபோகலாம். இரண்டு வாரம் வராதபோது வீடு தேடிப் போனீர்களே, அது மறக்காது.

எதிலிருந்து வாசிக்கத் தொடங்குவது?

துக்கத்தில் இருப்பவர்களுக்கு நான் தடித்த புத்தகம் கொடுப்பதே இல்லை. சங்கீதம் 13-ஐ முதலில் காட்டுவேன். ஆறே வசனம். "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று தொடங்குகிறது. கடவுளிடம் இப்படிக்கூடப் பேசலாமா என்று கேட்டவர்கள் உண்டு. அதற்கடுத்து 42, "என் ஆத்துமாவே, நீ ஏன் கலங்குகிறாய்?" அங்கே பாடுகிறவன் தன்னோடே பேசிக்கொள்கிறான், தன் மனம் சொல்வதையெல்லாம் அப்படியே நம்பாமல் அதை நிறுத்திக் கேள்வி கேட்கிறான். மனநல ஆலோசகர்கள் இன்று சொல்லிக்கொடுப்பதில் பாதி அதற்குள் இருக்கிறது.

பிறகு 88. அது விடியாமலே முடியும் சங்கீதம். கடைசி வரி வரை நம்பிக்கையின் திருப்பம் வருவதில்லை, சிநேகிதரும் இல்லை என்ற புலம்பலோடு நின்றுவிடுகிறது. அப்படி ஒரு ஜெபத்தையும் வேதத்துக்குள் வைத்திருக்கிறாரே கர்த்தர், அவருக்கு நம் நிலை தெரியும் என்று ஒரு தாய் என்னிடம் சொன்னார். மகனை இழந்தவர். அந்த ஒரு சங்கீதத்தையே மாதக்கணக்கில் வாசித்தார்.

கொஞ்சம் தேறியபின் கதை வாசிக்கலாம். ஜான் பன்யன் இங்கிலாந்தில் பெட்ஃபோர்ட் சிறையில் பன்னிரண்டு வருடம் கிடந்தவர். அவர் எழுதியது நம் வீடுகளில் 'மோட்சப் பிரயாணம்' என்று வழங்குகிறது. எச்.ஏ. கிருஷ்ண பிள்ளை அதைத் தழுவித்தான் 'இரட்சணிய யாத்திரிகம்' என்ற காப்பியத்தை 1894-ல் கொடுத்தார். அந்தக் கதையில் பயணி நம்பிக்கையிழப்பு என்ற சேற்றில் விழும்போது தானாக ஏற முடிவதில்லை. முதுகில் பாரம் இருக்கிறது, முங்குகிறான். உதவி என்ற பெயருள்ளவன் வந்து கைகொடுத்துத் தூக்குகிறான். வெகுதூரம் போனபின் அதே பயணி விரக்தி என்ற அரக்கனின் கோட்டையில் அடைபடுகிறான். நாட்கணக்கில் அடிவாங்கியபின் திடீரென்று நினைவு வருகிறது: வாக்குத்தத்தம் என்ற சாவி இவ்வளவு நாளும் தன் நெஞ்சிலேயே இருந்திருக்கிறது. யாரும் வரவில்லை, அவனே திறந்துகொண்டு போகிறான்.

எனக்கு இப்போது வேண்டியது கையா, சாவியா என்று கேட்டுப் பார்க்க அந்தக் கதை கற்றுத்தருகிறது. சேற்றில் கிடப்பவனிடம் "சாவி உன்னிடமே இருக்கிறது" என்று சொல்வது கொடுமை. பெரும்பாலான சுயமுன்னேற்றப் புத்தகங்கள் செய்யும் பிழை அதுதான் என்பது என் எண்ணம். சபையில் சிலர் எதிர்ப்பக்கமாகப் பிழை செய்கிறார்கள். நெஞ்சில் சாவி இருப்பவனையும் ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஓடவைத்துக் கைவைத்து ஜெபித்துக்கொண்டே இருக்கிறார்கள்.

எப்படி வாசித்தால் மனதில் நிற்கும்?

குறைவாக வாசியுங்கள். ஒரு வாரத்துக்கு ஒரு அத்தியாயம் போதும். ஒரு பழைய நோட்டு எடுத்து, வாசித்ததில் உங்களைக் குத்திய ஒரு வரியையும், அதற்காக நாளைக்குச் செய்யப்போகும் ஒரு காரியத்தையும் எழுதுங்கள். "பொறுமையாக இருப்பேன்" என்று எழுதினால் ஒன்றும் நடக்காது. "காலையில் டிபன் கட்டும்போது சின்னவனைக் கத்தமாட்டேன்" என்று எழுதுங்கள். சாயங்காலம் நடந்ததா இல்லையா என்று ஒரு வார்த்தை போதும். ஒரு புத்தகம் முடியாமல் அடுத்த புத்தகத்துக்குத் தாவுவது, மருந்துச் சீட்டை வாசித்துவிட்டு மாத்திரை வாங்காமல் அடுத்த டாக்டரிடம் போவது மாதிரி.

முடிந்தால் இன்னொருவரோடு சேர்ந்து வாசியுங்கள். வாய்விட்டு வாசிப்பது இன்னும் நல்லது. பள்ளிப்படிப்பு இல்லாத மாமியாருக்கு மருமகள் தினமும் ஒரு பக்கம் வாசித்துக் காட்டிய வீட்டை எனக்குத் தெரியும். இருவருக்கும் இடையிலிருந்த மனக்கசப்பும் அந்த ஒரு பக்கத்தில்தான் கரைந்தது.

எந்தப் புத்தகத்தை ஒதுக்க வேண்டும்?

உங்களையே குற்றவாளியாக்கும் புத்தகத்தை. "நீ சரியாக நினைக்காததால்தான் பணம் வரவில்லை" என்று ஒன்று சொல்லும். "நீ காணிக்கையை விதைக்காததால்தான் ஆசீர்வாதம் வரவில்லை" என்று இன்னொன்று சொல்லும். அட்டைப்படம்தான் வேறு, சொல்வது ஒன்றே. சீலோவாமில் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் செத்தபோது, அவர்கள் மற்றவர்களைவிடக் குற்றவாளிகள் என்று நினைக்கிறீர்களோ என்று இயேசு கேட்டார், அப்படியல்ல என்று அவரே சொன்னார். பவுல் மாம்சத்தின் முள் நீங்க மூன்றுதரம் வேண்டினார், நீங்கவில்லை. "என் கிருபை உனக்குப்போதும்" என்ற பதில்தான் வந்தது. அவருக்கு விசுவாசம் போதவில்லை என்று யாரும் பிரசங்கிக்க முடியாது.

துக்க வீட்டுக்குப் போனால் என்ன வசனம் சொல்வது, அக்கா?

ஒன்றும் சொல்லாதீர்கள். யோபுவின் மூன்று சிநேகிதரும் ஏழு நாள் இரவும் பகலும் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள், ஒரு வார்த்தையும் பேசவில்லை. அவர்கள் செய்த நல்ல காரியம் அது ஒன்றுதான். வாய் திறந்தபின் கெட்டது. கடைசியில் கர்த்தர், என் தாசனாகிய யோபு பேசினதுபோல நீங்கள் என்னைக்குறித்து நிதானமாய்ப் பேசவில்லை என்று அவர்களைக் கடிந்துகொண்டார். அழுது புலம்பி வழக்காடிய யோபுவின் பேச்சு அவருக்குச் சரியாகப் பட்டது. கடவுளுக்காக வாதாடியவர்களின் பேச்சு பிடிக்கவில்லை.

காப்பி போடுங்கள், பாத்திரம் கழுவுங்கள், இறப்புச் சான்றிதழுக்கு அலையுங்கள். பதினாறு நாள் கழித்துக் கூட்டம் கலைந்தபின் மறுபடி போங்கள்.

மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். சபையில் சொன்னால் "ஜெபம் போதாதா" என்கிறார்கள்.

மாத்திரையை நிறுத்தாதீர்கள். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. வயிற்றுக்கோளாறுக்குக் கொஞ்சம் திராட்சரசம் சேர்த்துக்கொள் என்று தீமோத்தேயுவுக்கு எழுதினவர் பவுல்.

எலியாவைப் பாருங்கள், 1 இராஜாக்கள் 19. கர்மேல் மலையில் பெரிய வெற்றி முடிந்திருக்கிறது. அடுத்தே ஒரு நாள் பிரயாணம் வனாந்தரத்துக்குள் ஓடி, சூரைச்செடியின் கீழ் விழுந்து, "போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும்" என்கிறான். சாகவேண்டும் என்று ஒரு தீர்க்கதரிசி ஜெபிக்கிறான். கர்த்தர் அவனைக் கடிந்துகொள்ளவில்லை, பிரசங்கமும் பண்ணவில்லை. தூங்கவிட்டார். தூதன் தட்டி எழுப்பினான். தலைமாட்டில் தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரத்தில் தண்ணீரும் இருந்தது. சாப்பிட்டுவிட்டு மறுபடி படுத்துக்கொண்டான், அதற்கும் விட்டார். இரண்டாந்தரம் எழுப்பி, "எழுந்திருந்து போஜனம்பண்ணு, நீ பண்ணவேண்டிய பிரயாணம் வெகுதூரம்" என்றான். பேச்சுவார்த்தை எல்லாம் ஓரேப் மலைக்குப் போனபின்தான். முதலில் தூக்கம், சாப்பாடு, தண்ணீர். உடம்பையும் சேர்த்துத்தான் கர்த்தர் குணமாக்குகிறார்.

வேலூர் சிஎம்சி மிஷன் மருத்துவமனைதான். அங்கே பாகாயத்தில் மனநலத்துக்கென்றே தனி மையம் வைத்து, குடும்பத்தாரும் நோயாளியோடு தங்கி சிகிச்சையில் பங்கெடுக்கும்படி நடத்துகிறார்கள். ஜெபிக்கிறவர்களே மருந்தும் கொடுக்கிறார்கள்.

சாக வேண்டும் என்ற எண்ணம் வந்துபோனால், இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் பசியும் கெட்டிருந்தால், புத்தகத்தை மூடிவைத்துவிட்டு மருத்துவரிடம் போங்கள். இந்தியாவில் 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணுக்கு எந்த நேரத்திலும் இலவசமாகப் பேசலாம், தமிழிலும் பேசுவார்கள். வீட்டில் யாராவது ஒருவரிடம் இன்றைக்கே சொல்லுங்கள்.

வாசிக்கவே முடியவில்லை. ஜெபிக்க உட்கார்ந்தால் வார்த்தை வரவில்லை. என்ன செய்வது?

வராத நாளில் வரவேண்டாம்.

டோனாவூரில் பிள்ளைகளைக் காத்து வளர்த்த ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1931-ல் ஒரு குழியில் விழுந்தார். அதற்குப்பின் 1951-ல் இறக்கும் வரை பெரும்பாலும் படுக்கையிலும் தன் அறைக்குள்ளுமே இருந்தார். எவ்வளவோ ஜெபித்தும் எழுந்து நடக்கவில்லை. நோயாளிகளுக்கு ஆறுதல் சொல்லும் புத்தகங்கள் பலவும் நல்ல சுகத்தோடு இருப்பவர்கள் எழுதியவை, அவை படுக்கையில் கிடப்பவருக்கு எட்டுவதில்லை என்று அவருக்குப் பட்டது. அதனால் நோயாளியாக இருந்தே நோயாளிகளுக்கு எழுதினார். வலி தெரியாதவர் எழுதியதை இப்போது உங்களால் வாசிக்க முடியவில்லை என்றால் அதில் ஆச்சரியம் இல்லை, அதை ஒதுக்கிவையுங்கள்.

ஜெபத்துக்கு மாற்கு 2-ஐ நினைத்துக்கொள்ளுங்கள். திமிர்வாதக்காரனை நாலுபேர் சுமந்துவந்தார்கள். கூட்டத்தில் வழியில்லாமல் கூரையைப் பிரித்து இறக்கினார்கள். இயேசு "அவர்கள் விசுவாசத்தைக் கண்டு" பேசினார் என்று எழுதியிருக்கிறது. படுத்திருந்தவன் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. உங்களுக்காக ஜெபிக்கச் சொல்லி இரண்டு பேருக்கு போன் செய்யுங்கள். சொல்ல முடியாவிட்டால் "ஜெபியுங்கள்" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி போதும். ஆராதனைக்குப் போய்ப் பின்வரிசையில் சும்மா உட்காருங்கள், மற்றவர்கள் பாடட்டும்.

கணவர் விசுவாசி இல்லை. சேர்ந்து வாசிக்க முடியுமா?

தாராளமாக. குறளிலிருந்தோ, அவருக்குப் பிடித்த வாழ்க்கை வரலாற்றிலிருந்தோ தொடங்குங்கள். உங்கள் சங்கீதத்தை அவர் மேல் திணிக்காதீர்கள்.

புத்தகம் வாங்க வசதியில்லை. எங்கே கிடைக்கும்?

முதலில் உங்கள் ஊர் அரசுக் கிளை நூலகத்தில் கேளுங்கள், உறுப்பினர் கட்டணம் மிகக் குறைவு. சென்னை கோட்டூர்புரத்தில் 2010-ல் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகமும், மதுரையில் 2023-ல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகமும் உட்கார்ந்து வாசிக்க அருமையான இடங்கள். உளவியல், வாழ்க்கை வரலாறு, தன்னம்பிக்கை எல்லாம் தமிழிலேயே கிடைக்கும், யாரும் எழுந்து போகச் சொல்லமாட்டார்கள். வேதாகமம் வேதாகமச் சங்கக் கடைகளில் குறைந்த விலைக்குக் கிடைக்கிறது. கண் மங்கியவர்களுக்குப் பெரிய எழுத்துப் பதிப்பு கேளுங்கள், போனில் ஒலிவடிவமும் இலவசமாகவே கேட்கலாம். சபையில் அலமாரி பூட்டிக் கிடந்தால் போதகரிடம் சாவி கேட்டு வாங்கி, ஞாயிறு ஆராதனைக்குப் பின் அரைமணி நேரம் திறந்துவையுங்கள். பெயரும் தேதியும் எழுத ஒரு நோட்டு போதும்.